நாலு காயிலில் நாலு பொட்டு

3 அக்டோபர் 2025, வெள்ளி

என் பழைய கார் இன்றைக்கு நடுவழியில் காலை வாரிவிட்டது. காலையில் மேலநீலிதநல்லூருக்குப் போகும்போதே சரியில்லை. ஆபீஸ் வாசலில் நிறுத்தப் போகையில் காய்ச்சல் வந்தது மாதிரி நடுங்கியது. மீட்டரில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு மின்னி மின்னி எரிந்தது. பூஜை லீவு முடிந்து யூனியன் ஆபீசில் வேலை குவிந்து கிடந்ததால், சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். சாயங்காலம் அது என்னைப் பார்த்துக்கொண்டது.

பாதி வழியில் இழுவை சுத்தமாகப் போய், நின்றேவிட்டது. ஆபீசுக்கு என் கூட வரும் சாஜிதா பானுவும் இன்றைக்கு லீவு. இரண்டு பக்கமும் வெறும் காடு. என் போனில் சார்ஜ் இல்லை. ஆடு பத்திக்கொண்டு வந்த ஒரு அம்மாள் தன் போனைக் கொடுத்துவிட்டு, நான் வீட்டுக்காரரிடம் பேசி முடிக்கிறவரை பக்கத்திலேயே நின்றாள். அப்புறம் அவளும் ஆடுகளோடு போய்விட்டாள்.

இவர் வந்து சேரும்போது இருட்டிவிட்டது. வீட்டில் கட்டுகிற வேட்டி, பொத்தானை மாற்றிப் போட்ட சட்டை, காலில் ஜோடி மாறிய செருப்பு. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். நேரே கயிற்றை எடுக்கப் போனார். லோடு ஆட்டோவில் கயிறு கட்டி இழுத்து வந்தோம்.

சாப்பிடும்போதுதான் வாயைத் திறந்தார். "இந்த வண்டி நமக்கு வேண்டாம் சுந்தரி. வித்துருவோம்."

4 அக்டோபர், சனி

மெக்கானிக் வீட்டுக்கே வந்தார். பானட்டை அரைகுறையாகத் தூக்கி, ஸ்டார்ட் செய்யச் சொல்லி, சத்தத்தைக் கேட்டார். அவ்வளவுதான் பரிசோதனை. இன்ஜினை இறக்க வேண்டுமாம். பழைய வண்டிக்கு அந்தச் செலவு எதற்கு, வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள் என்று ஆலோசனை வேறு.

இவர் உடனே சிவகிரிக்குப் போன் போட்டார். இசக்கித்துரை அண்ணாச்சி – இவருடைய அக்கா வீட்டுக்காரர் – போனில் பேசினால் ஸ்பீக்கர் போடாமலே தெருவுக்குக் கேட்கும். "அதுக்கென்ன மாப்ள, நம்மகிட்ட ஆள் இருக்கு. அடுத்த ஞாயித்துக்கெழம கையோட கூட்டிட்டு வாரேன். பெறவு வாக்கு மாறக்கூடாது, சொல்லிட்டேன்." இவர் "சரி அத்தான்" என்றார்.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆர்.சி. புத்தகத்தில் என் பெயர் இருக்கிறது. வாக்கு மட்டும் அவருடையது. என் வண்டியை விக்க இவரு யாரு? எங்க அப்பா வீட்டுக்குக் கூட நான் கேட்டுட்டுத்தானே போறேன்?

எழுதிவிட்டேன். இப்போது கொஞ்சம் தேவலை.

5 அக்டோபர், ஞாயிறு

பேசிப் பார்த்தேன். "நீ இருட்டுல அங்கன தனியா நின்னதுதான் கண்ணுக்குள்ளயே நிக்கி. போன் அடிச்சா சுவிட்ச் ஆஃப். ஏதாவது ஒண்ணு ஆயிருந்தா நான் என்ன செய்வேன்?" என்றார். பஸ்ஸில் போனால் ஒன்றும் ஆகாதா என்று கேட்டேன். எழுந்து போய்விட்டார்.

இவருக்கு ஆரம்பத்திலிருந்தே இந்த வண்டியைப் பிடிக்காது. நான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தபோதும் வாய்திறந்து எதுவும் சொல்லவில்லை. முகம் மட்டும் சொன்னது.

வீட்டில் நான் மனைவி, ஆபீசில் 'மேடம் அந்த ஃபைல்'. நடுவில் உள்ள அந்த ரோட்டில்தான் நான் நானாக இருக்கிறேன். கண்ணாடியை இறக்கிவிட்டு, ஏதாவது பாட்டைத் தப்பும் தவறுமாகப் பாடிக்கொண்டு போவேன். சாஜிதாவுக்கு அது பழகிவிட்டது. இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

சாயங்காலம் முழுவதும் போனில் வீடியோ பார்த்தேன். நடுக்கம், இழுவை இல்லை, மஞ்சள் விளக்கு மின்னுகிறது – மூன்றும் சேர்ந்தால் முதலில் பிளக்கையும் காயிலையும் பார் என்கிறார்கள். இன்ஜினை இறக்கு என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

6 அக்டோபர், திங்கள்

பஸ். நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே வந்தேன். சாஜிதா, "என்னக்கா, பாட்டுச் சத்தத்தையே காணும்?" என்றாள்.

7 அக்டோபர், செவ்வாய்

இன்றைக்கு லீவு போட்டேன். இவர் கூட்டுறவு சங்கத்துக்குக் கிளம்பிப் போன பிறகு பானட்டைத் திறந்தேன்.

இன்ஜின் தலையில் வரிசையாக நாலு கறுப்புக் காயில்கள். ஒவ்வொரு காயிலும் தனக்குக் கீழே குழியில் இருக்கும் பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கிறது; அந்தப் பொறியில்தான் பெட்ரோல் எரிகிறது. இவ்வளவுதான் விஷயம். நாலில் ஒன்று படுத்தாலும் வண்டி நொண்டும். எது என்று கண்டுபிடிக்க, ஒவ்வொன்றாக வயரைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். நல்ல காயிலின் வயரைக் கழற்றினால் நடுக்கம் கூடும். எதைக் கழற்றினால் மாற்றமே இல்லையோ, செத்தது அதுதான்.

மூன்றாவது. கழற்றினேன், அப்படியே இருந்தது. மாட்டினேன், அப்படியே இருந்தது.

இன்ஜினை அணைத்து ஆறவிட்டு, போல்ட்டைக் கழற்றி, காயிலை மெதுவாகத் திருகி இழுத்தேன். அதன் ரப்பர் முனையில் துருத் தண்ணீர் சொட்டியது. டார்ச் அடித்துப் பார்த்தால் பிளக் குழியில் தண்ணீர் நிற்கிறது! இங்கே மழை எங்கே பெய்தது?

அப்போதுதான் அதைக் கவனித்தேன். நாலு காயிலின் தலையிலும் காய்ந்த சந்தனம், அதன் நடுவில் குங்குமம். நாலு பொட்டு.

ஆயுத பூஜை அன்று காலையில் நான் அடுப்படியில் சுண்டலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, இவர் மோட்டாரைப் போட்டு பைப்பில் வண்டியைக் கழுவினார். ஊரெல்லாம் கழுவுகிறார்கள், இவரும் கழுவுகிறார் என்று இருந்தேன். வெளியே மட்டும்தான் என்று நினைத்தேன். பானட்டையும் திறந்து, இன்ஜினையும் தேய்த்துக் குளிப்பாட்டி, துடைத்து, எது என்ன என்று தெரியாமலே ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்திருக்கிறார். என்னிடம் சொல்லக்கூட இல்லை.

பிடிக்காத வண்டிக்கு யாராவது இப்படிச் செய்வார்களா? தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

8 அக்டோபர், புதன்

பஸ் ஸ்டாண்டிலிருந்து நேரே ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய், காயிலைக் கடைக்காரர் கபீர் அண்ணனிடம் காட்டினேன். முனையைப் பார்த்ததுமே சிரித்தார். "எவனோ இன்ஜின நல்லா குளிப்பாட்டி விட்டுருக்கான். ஆயுத பூச முடிஞ்சா எனக்கு வருசா வருசம் இதே யாவாரம்தான், தங்கச்சி."

"யாரோ கழுவிட்டாங்க" என்றேன். யாரோ!

ஒரு காயில், நாலு பிளக். வெள்ளிக்கிழமை மதுரையிலிருந்து வந்துவிடுமாம். பிளக் கழற்றுகிற நீள ஸ்பானரை இரவலாகக் கொடுத்தார்.

9 அக்டோபர், வியாழன்

நான் ஜெயித்துவிட்டேன். இவரைக் கூப்பிட்டு, "வண்டி மேல தப்பில்ல, நீங்க தண்ணி ஊத்திக் கழுவுனதுதான்" என்று சொன்னால் தீர்ந்தது. விற்பதைப் பற்றி அப்புறம் வாயே திறக்க மாட்டார்.

ஆனால் ஜோடி மாறிய செருப்போடு ஓடி வந்த அந்த முகம்? என்னை அங்கே நிறுத்தியதே தான்தான் என்று தெரிந்தால் இவர் தாங்குவாரா? ஆறு நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் கிடக்கிற மனிதர்.

சொல்லப் போவதில்லை. சொல்லாமல் எப்படி வண்டியைக் காப்பாற்றுவது என்றும் தெரியவில்லை.

11 அக்டோபர், சனி

காலையிலேயே ஆரம்பித்தேன். முதலில் பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றினேன். குழியில் இருந்த தண்ணீரைத் துணி சுற்றிய கம்பியால் ஒற்றி எடுத்தேன். மிச்சத்தை சைக்கிள் பம்பால் ஊதினேன். துருவெல்லாம் என் மூக்கில். இவர் கொஞ்ச நேரம் வாசலில் நின்று பார்த்தார். அப்புறம் தானாகவே வந்து டார்ச்சைப் பிடித்தார்.

மூன்றாவது பிளக் லேசில் அசையவில்லை. முறுக்கினால் உள்ளேயே ஒடிந்துவிடுமோ என்று கையை எடுத்துவிட்டேன். கொஞ்சம் எண்ணெய் விட்டு, காத்திருந்து, முன்னும் பின்னுமாக அசைத்து அசைத்துத்தான் வந்தது. மேலெல்லாம் துரு.

"இதுக்குள்ள தண்ணி எப்படிப் போச்சு?" என்று கேட்டார்.

"மழையில போயிருக்கும்" என்றேன்.

"மழ எங்க பெஞ்சுது?"

புதுப் பிளக்குகளைக் கையாலேயே திருகி உட்கார வைத்தேன். மரை ஏறிய பிறகுதான் ஸ்பானர், அதுவும் லேசாக. புதுக் காயிலை அமுக்கி, வயரை மாட்டினேன். 'டக்' என்று பூட்டிக்கொண்டது. "கழட்டுததுக்கு எங்கன அமுக்கணும்?" என்றார். காட்டினேன். டார்ச் வெளிச்சம் காயில்களின் மேல் நகர்ந்து நகர்ந்து போனது. பொட்டு உள்ளது மூன்று; புதிது ஒன்று மட்டும் வெறும் தலை. அங்கேயே வெளிச்சம் நின்றுவிட்டது.

பேட்டரி வயரைத் திரும்ப மாட்டி, சாவியைத் திருப்பினேன். ஒரு நடுக்கம் இல்லை. மஞ்சள் விளக்கு மட்டும் இன்னும் எரிந்தது. தெருவை நாலு சுற்றுச் சுற்றி வந்தால் தானாகப் போய்விடும் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். சந்தோஷத்தில் அவரைக் கூப்பிட்டேன். ஆள் இல்லை. உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"அன்னிக்கு நீ அங்கன நின்னது என்னாலதானா?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "ஆமா. ஆனா பொட்டும் நீங்கதான வச்சீங்க" என்றேன்.

அப்புறம், "புதுசுக்கும் ஒண்ணு வச்சிரு" என்றார். எனக்கு அது போதும். ஆனால் அடுத்த நிமிடமே நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "அத்தானுக்கு வாக்குக் குடுத்துட்டேனே, நாளைக்கு ஆளோட வாராவளே" என்றார். அண்ணாச்சியிடம் இல்லை என்று சொல்வது லேசான காரியம் இல்லை. மதினிக்கு ஒரு வருஷத்துக்குப் பேச்சு நின்றுபோகும்.

12 அக்டோபர், ஞாயிறு

இதை எழுதும்போதும் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

அண்ணாச்சி சொன்னபடி ஆளோடு வந்தார். வந்தவர் வாசுதேவநல்லூர்க்காரர், வெள்ளைச் சட்டை, மரியாதையான மனிதர். நான் காப்பி போட உள்ளே போனேன். சீனியைக் கொட்டினேன். போகப் போகிறது, இன்றைக்கே போகப் போகிறது.

வெளியே வண்டி ஸ்டார்ட் ஆகிற சத்தம். உதறுகிறது! வெள்ளிக்கிழமையை விட மோசமாக உதறுகிறது. நேற்று நான் பார்த்த வேலை அவ்வளவும் வீணா? காப்பியைத் தட்டோடு தூக்கிக்கொண்டு ஓடினேன்.

இவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதிக்கிறார். வண்டி குலுங்குகிறது. அவர் முகத்தில் துக்க வீட்டுக்களை. "இன்ஜின் போயிட்டு அத்தான். இறக்கணும்னு மெக்கானிக்கே சொல்லிட்டான். தெரிஞ்சே இவரு தலையில கட்டுனா நாளைக்கு உங்க பேருல்லா கெட்டுப் போவும்."

வந்தவர் இரண்டடி பின்னால் போனார். அண்ணாச்சி பானட்டை ஒரு தட்டுத் தட்டி, "நல்ல நேரத்துல சொன்னே மாப்ள. இந்தச் சனியன நான் கூட்டிட்டு வந்த ஆளுக்குக் குடுத்திருந்தா என் மானம் போயிருக்கும்வே" என்றார். என்னைப் பார்த்து, "வருத்தப்படாத தங்கச்சி" என்று வேறு சொன்னார். நான் உண்மையிலேயே அழுகிற நிலையில் இருந்ததால் அது நன்றாகப் பொருந்திவிட்டது.

அவர்கள் தெருமுனை திரும்புகிறவரை இவர் வாசலில் நின்றார். அப்புறம் வந்து பானட்டைத் திறந்தார். இரண்டாவது காயிலின் வயர் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது.

"நீ அடுப்படிக்குப் போனதும், அத்தானும் அவரும் உள்ள பேசிட்டு இருந்தப்ப கழட்டிட்டேன். கழட்ட முடிஞ்சுது, மாட்டத்தான் பயமா இருக்கு. நீயே மாட்டு" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவர் யாரிடமும் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. அதுவும் அத்தானிடம்!

மாட்டினேன். இருவரும் ஒரு சுற்று மேலநீலிதநல்லூர் ரோடு வரை போய்வந்தோம். வழியில் அந்த இடத்தைக் காட்டினேன். கொஞ்சம் நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்தார்.

21 அக்டோபர், செவ்வாய்

மஞ்சள் விளக்கு போயே போய்விட்டது. தீபாவளிக்கு வண்டியைக் கழுவலாமா என்று கேட்டதற்கு, ஈரத் துணியால் துடைத்தால் போதும் என்று எனக்கே பாடம் எடுத்தார்.

9 நவம்பர், ஞாயிறு

சிவகிரியில் அண்ணாச்சியின் புது வீட்டுப் பால்காய்ப்பு. விடியுமுன் கிளம்பினோம், பஸ்ஸில். நான் பட்டுப்புடவையோடு கூட்டத்தில் நசுங்கிக்கொண்டும், இவர் பழத்தட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டும்.

மதினி கட்டிப்பிடித்து வரவேற்றார். அண்ணாச்சி பந்தியில் எல்லோரும் கேட்க, "பாவம், வண்டி போனதுல இருந்து ரெண்டு பேரும் பஸ்சுலதான் அலையுதாவ. கொஞ்சம் பொறுங்க, நான் வேற ஒண்ணு பாத்துத் தாரேன்" என்றார். இவர் பாயசத்திலிருந்து தலையை எடுக்கவே இல்லை. நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து வெளியே போய்விட்டேன்.

திரும்பி வரும்போதும் சீட்டு இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கிய இவர் என் காதருகே குனிந்தார். "அத்தான் நூறு வயசு நல்லா இருக்கணும். ஆனா அதுவரைக்கும் நாம சிவகிரிக்குப் பஸ்சுலதான் போவணுமோ?"

"ஆமா" என்றேன்.