கூட்டு ரோட்டில் இரண்டு ஓட்டு

விரலில் வைத்த மையின் வாசனை இன்னும் போகவில்லை. காலையில் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தேன். சோப்புப் போட்டுக் கழுவியும், மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்யக் கையைத் தூக்கும்போதெல்லாம் அந்த நெடி ஏறுகிறது. நீ இருந்திருந்தால் வாசலிலேயே, "யாருக்குப் போட்ட?" என்று கேட்டிருப்பாய். சொல்லமாட்டேன் என்று நான் முறுக்கியிருப்பேன். இப்போது கேட்க ஆளில்லை. அந்த அலுப்பில்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

பல வருஷம் தேர்தலே இல்லாமல் கிடந்து, எண்பதுகளின் நடுவில் ஒரு பஞ்சாயத்துத் தேர்தல் வந்ததே, அதுதான் நினைவில் ஓடுகிறது. அப்போது நாம் உத்திரமேரூர் போகிற வழியில், கூட்டு ரோட்டில், என் சைக்கிள் கடையின் பின்னறையில் இருந்தோம். நான் ஊருக்குள் பயிர் வைக்கிற வீட்டுப் பிள்ளை. நீ காலனி. சுற்றுவட்டாரத்துப் பம்புசெட்டுக்கெல்லாம் நீதான் வயரிங். இரண்டு பேரும் கல்யாணம் கட்டாமல் ஒரே அறையில் இருந்ததற்கு ஊர் சாதியைச் சொல்லித்தான் திட்டியது. "காலனிக்காரனோட ஒரே சட்டியில துன்றான்" என்று என் அண்ணன் பேச்சை நிறுத்திக்கொண்டான். அதற்கு அடியில் இன்னொன்று இருப்பதை யாரும் தேடவில்லை. "சாதிய சொல்லித் திட்டிக்கினு இருக்கறவரைக்கும் நாம பொழச்சோம்" என்பாய் நீ. அந்தத் திட்டெல்லாம் உன் தலையில்தான் விழுந்தது. ஆனாலும் நீதான் சிரிப்பாய்.

நம்மைத் தெரிந்தவர் ஒருவர் இருந்தார், வரதன். மோட்டார் புகைந்துவிட்டதென்று ஒரு விடியலில் உன்னைத் தேடி வந்தவர், தாழ் போடாத கதவைத் தள்ளிவிட்டார். ஒரே போர்வைக்குள் நாம். அப்படியே திரும்பிப் போய், எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டு, சத்தமாக இருமிக்கொண்டு நின்றார். நீ சட்டையை மாட்டிக்கொண்டு போனதும், "மோட்டார் புகையுதுப்பா, வந்து பாரு" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகும் அதே முகத்தோடுதான் பேசினார்.

அதனால்தான் அவர் தலைவருக்கு நிற்க ஆசைப்பட்டபோது நீ அவரோடு வீடு வீடாகப் போனாய். எதிரில் நின்றவர் அரிசி மில்லுக்காரர். கூலி கூட்டிக் கேட்டதற்காக, காலனி ஜனங்கள் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்த தன் கிணற்றைச் சுற்றி முள்வேலி போட்டவர். உன் அக்கா அப்போதெல்லாம் ஏரிக்குள் ஊற்றுத் தோண்டி, கலங்கல் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடத்தில் கொண்டுவருவாள். மில்லுக்காரரைத் தோற்கடிக்க வேண்டுமானால் எதிரணியில் ஒருவர்தான் நிற்க வேண்டும். வரதனா, அவர் பங்காளி ஏகாம்பரமா என்று முடிவு செய்ய அம்மன் கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள்.

நாம் இருவரும் ஓரமாக நின்றிருந்தோம். ஏகாம்பரம் எழுந்தான். அவனுக்கு யார் சொன்னார்களோ, இன்றுவரை தெரியாது. "வரதனுக்கு ஓட்டு கேட்டுக்கினு சுத்தறது யாரு தெரியுமா? கூட்டு ரோட்ல ரெண்டு ஆம்பளைங்க புருஷன் பொண்டாட்டியா குடித்தனம் பண்ணிக்கினு கீதுங்களே, அதுங்கதான்!" என்றான். முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு ஒருவன் சிரித்தான். பிறகு எல்லாரும். வரதன், "அவங்க குடித்தனம் உனக்கெதுக்கு? நீ ஊருக்கு இன்னா செய்வே, அத்த சொல்லு" என்றார். சிரிப்பு இன்னும் கூடியது. கை தூக்கச் சொன்னார்கள். வரதன் தோற்றார்.

அன்றோடு அந்த அணி இரண்டாகப் பிளந்தது. வரதனின் சொந்தக்காரர்களே, "மில்லுக்காரனுக்குப் போட்டாலும் போடுவோம், ஏகாம்பரத்துக்குப் போடமாட்டோம்" என்று கிளம்பினார்கள். நமக்கும் அதே கேள்விதான், ஆனால் வேறு மாதிரி. நம்மை வைத்துத்தானே அவன் கூட்டத்தில் ஜெயித்தான்.

தையல்காரன் மணி, நம்மைப் போன்றவன்தான். பெண்டாட்டி, பிள்ளைகள் இருந்த வீடு அவனுடையது. சின்னம் கொடுத்த மறுநாளே ஏகாம்பரத்தின் ஏணிச் சின்னத்தைத் தன் கடைக் கதவில் ஒட்டிவிட்டான். நான் கேட்டதற்கு முகத்தைப் பார்க்காமல், "உங்களுக்கு இன்னா, ரெண்டு பேரு. எனக்குப் புள்ளைங்க கீது. அவன் பக்கம் நின்னாத்தான் என் பேரு வெளிய வராது" என்றான். அதன் பிறகு நம் கடைப் பக்கம் அவன் வரவே இல்லை.

எனக்கு மில்லுக்காரரும் வேண்டாம், ஏகாம்பரமும் வேண்டாம். ஓட்டுப் போடுகிற அன்றைக்குக் கடையைப் பூட்டிக்கொண்டு எங்காவது போய்விடலாம் என்றேன். நீ ட்யூபை வாளித் தண்ணீரில் முக்கிக் குமிழ் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"போனா மில்லுக்காரன் வருவான்" என்றாய்.

"வரட்டும். நம்மள நடுத்தெருவுல நிறுத்தினவனுக்கு நானே ஓட்டுப் போடணுமா?"

"உன்ன நிறுத்தினது ஒரு நாள். எங்க அக்கா தெனைக்கும் ஏரியில நின்னுக்கினு கீது."

 அதன்பின் இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை.

பிறகு ஏகாம்பரமே வந்தான். கடைக்கு வெளியே நின்று, தொங்கிக்கொண்டிருந்த டயரைப் பார்த்துக் கும்பிட்டான். "உங்க ரெண்டு ஓட்டு கீது. கூட்டத்துல பேசினது கூட்டத்தோட போச்சி. மனசுல வெச்சிக்காதீங்க."

நீ கையைத் துடைத்துக்கொண்டு, "காலனிக்குத் தண்ணி?" என்றாய்.

"மொத வேலையே அதான்."

"இங்க இன்னாத்துக்கு சொல்ற? அங்க வந்து சொல்லு."

அவனை நடக்கவைத்துக் கூட்டிப்போனாய். நானும் பின்னால் வந்தேன். காலனி மொத்தமும் கூடிவிட்டது. உன் அக்காவிடம் ஒரு தம்ளர் ஊற்றுத் தண்ணீர் கேட்டு வாங்கி அவனிடம் நீட்டினாய். அடியில் மண் தெரிந்தது. அதைப் பிடித்தபடி அவன் நின்ற நேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தண்ணீரையும் பார்த்தான், கொடுத்த கையையும் பார்த்தான். பிறகு கண்ணை மூடிக் குடித்தான். "இத்த குடிக்காம இருக்க வழி பண்றேன்" என்று எல்லார் முன்னாலும் சொன்னான். நீ ஜனங்களைப் பார்த்து, "கேட்டுக்கினீங்கல்ல? போடுங்க" என்றாய். திரும்பி வரும்போது என்னிடம், "அவன் நம்மள பாத்து சிரிச்சான். சிரிச்சதுக்கு ஒரு கொழாய் வாங்கிக்கிறேன், போ" என்றாய். உன் குரலில் சந்தோஷம் இல்லை. கால் வலிக்க நடந்தவன் பேசுவது போல இருந்தது.

ஓட்டுப் போடும் நாள் பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்றோம். பின்னால் ஒருவன், "இன்னாபா, பொம்பளைங்க வரிசை அந்தாண்ட கீது" என்றான். பெண்கள் வரிசையிலும் சிரிப்புக் கேட்டது.  ஓடிவிடலாம் என்று காலை எடுத்தேன். நீ திரும்பிப் பார்க்கவே இல்லை. பின்னால் கையை நீட்டி என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாய். உன் முறை வரும்வரை விடவில்லை.

அட்டை மறைப்புக்குள் முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். ஏணியின் மேல் ஏகாம்பரத்தின் முகம்தான் தெரிந்தது. "இன்னா சார், ஆச்சா?" என்று வெளியிலிருந்து அதிகாரி கேட்டார். கடைசியில் ஏணியில்தான் குத்தினேன். அவனுக்காக இல்லை. உன் அக்காவுக்காகவா, உனக்காகவா என்றும் தெரியவில்லை. வெளியே வந்தபோது நீ ஒன்றும் கேட்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தாய்.

ஏகாம்பரம் ஜெயித்தான். சொன்னதையும் செய்தான், அதை மறைத்தால் நீ ஒத்துக்கொள்ளமாட்டாய். காலனியில் போர் போட்டார்கள். மோட்டாருக்கு லைன் கொடுத்தது நீதான். குழாய் திறந்த அன்று பூமாலை, மேளம் எல்லாம் இருந்தது. உன்னைக் கூப்பிடவில்லை. கூட்டத்தில் அவன் சொன்ன அந்த ஒரு வாக்கியம் மட்டும் ஊரைவிட்டுப் போகவில்லை. பையன்கள் கடை வாசலில் வந்து அதைக் கத்திவிட்டு ஓடினார்கள். பஞ்சருக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். கடைக்கு இடம் கொடுத்தவரும் காலி செய்யச் சொல்லிவிட்டார். மறு வருஷமே சாமானை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு காஞ்சிபுரத்துக்கு வந்துவிட்டோம். ஏற்றிவிட வரதன் வந்தார். "நான் இன்னும் கொஞ்சம் சத்தமா பேசியிருக்கணும்பா" என்றார். நீ அவர் கையைப் பிடித்து, "நீங்க ஒருத்தர்தான் பேசினீங்க" என்றாய். வண்டியில் அந்த வழி முழுக்க நான் அழுதேன். காலனியைத் தாண்டும்போது, உன் அக்கா வீட்டு வாசலில் தண்ணீர் வருகிறதா என்று நீ எட்டிப் பார்த்தாய்.

அதற்குப் பிறகு எத்தனை தேர்தல். ஒவ்வொன்றுக்கும் நீதான் என்னை எழுப்புவாய். "நமக்குன்னு எவனும் வரமாட்டான். வேற எவனுக்கு இன்னா கிடைக்கும்னு பாத்துப் போட்டுட்டு வா" என்பாய். இன்றைக்கு நின்றவர்களில் ஒருவருக்கு நம் மாதிரி ஆட்களைக் கண்டாலே ஆகாது. மற்றவர்களுக்கு நாம் இருக்கிறோம் என்பதே தெரியாது. எழுந்திருக்கவே மனம் வரவில்லை. பிறகு கீழே இறங்கி, பூக்காரம்மாவிடம், "இந்தத் தெருவுக்கு இன்னா வேணும்?" என்று கேட்டேன். சாக்கடை வீட்டுக்குள் வருகிறது என்றாள். யார் வந்து எட்டிப் பார்த்தார்கள் என்று கேட்டுக்கொண்டு போய் அவர்களுக்குப் போட்டேன்.

பிறருக்காக ஓட்டுப் போட நீ கற்றுக்கொடுத்துவிட்டாய், அது என் கையிலேயே இருக்கிறது. எனக்காக ஒரு ஓட்டு எப்படிப் போடுவது என்று மட்டும் நீ சொல்லவே இல்லை. உனக்கும் அது தெரியாது என்பது இப்போதுதான் எனக்குப் புரிகிறது.