பொம்மைக்குப் பூசிய சாயம்

மரியாதைக்குரிய உங்களுக்கு, உங்கள் வீட்டுக்காரி வணக்கத்துடன் எழுதுவது. நானும் பேத்தியும் இங்கே சுகம். உங்கள் இருமல் நின்றதா? சட்டை கசங்கும் என்று இன்னும் பெல்ட் போடாமல்தான் கார் ஓட்டுகிறீர்களாம். நம் சின்ன மகன் போனில் சொன்னான்.

பேத்தி வேலை பார்க்கும் கார் சோதனைக் கூடத்திலேயே எனக்கும் வேலை. காரை வேண்டுமென்றே சுவரில் மோதவிட்டு, உள்ளே இருப்பவருக்கு எங்கே அடிபடும் என்று ஆள் மாதிரிப் பொம்மைகளை வைத்துப் பார்க்கிறார்கள். அவற்றுக்குச் சட்டை மாட்டிவிடுவது நான்தான்.

போன வாரம் ஒரு கூத்து. இரண்டு பொம்மைகளின் முகத்திலும் கலர் சாயம் அப்பியிருந்தது. ஐயோ பாவம் என்று ஈரத்துணியால் துடைத்துவிட்டேன்.

"பாட்டி! சாயம் எங்க ஒட்டுதுன்னு பாத்துத்தான் முகம் எங்க இடிச்சுதுன்னு கண்டுபிடிப்போம்!" என்று பேத்தி தலையில் கை வைத்தாள்.

"விடு கண்ணு, கல்யாணப் பொண்ணுக்குப் பூசுற மாதிரி நானே பூசிவிடுறேன்" என்றேன். பூசியும் விட்டேன்.

அத்தனை பேர் நடுவில் நம் பேத்திதான் காரை மோதவிடும் பொத்தானை அழுத்தினாள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

பெல்ட் போட்ட பொம்மையின் சாயம், முன்னால் உப்பி வந்த காற்றுப்பையில் லேசாக ஒட்டியிருந்தது. போடாததன் சாயம் முன்கண்ணாடியில். கண்ணாடியும் விரிசல். அந்தப் பொம்மை உங்கள் உயரம். பயமெல்லாம் இல்லை, சும்மா சொன்னேன்.

மூட்டுவலித் தைலம் அனுப்புங்கள். பெல்ட் போட்டுக் காரில் உட்கார்ந்து ஒரு போட்டோவும் அனுப்புங்கள். பேத்தி கிளம்பிவிட்டாள், கூப்பிடுகிறாள். முகம் நன்றாகத் தெரியும்படி எடுக்கச் சொல்லுங்கள். பார்த்து நாளாகிறது.

உங்கள் வீட்டுக்காரி