ஹாஸ்கெட் தலையைத்தான் தொட்டான்

மார்ச் 4, 2019

எழுபத்து மூன்று வயதில் நாட்குறிப்பு! நூலகத்தில் எனக்கு எழுத்துச் சொல்லித்தரும் டெல்ஃபின், "தினமும் ஏதாவது எழுதுங்க டாலிவர். மழை பெஞ்சுதுன்னாவது எழுதுங்க" என்றாள். மழை பெய்யவில்லை. ஆனாலும் எழுதிவிட்டேன்.

மார்ச் 6

மழை பெய்தது.

மார்ச் 9

என் தொழிலைப் பற்றி எழுதச் சொன்னாள். அமெரிக்கக் கால்பந்தில் எட்டு வருடம் வைட் ரிசீவராக, அதாவது பந்தைப் பிடிப்பவனாக, ஆடிச் சம்பாதித்தேன். மைதான ஓரத்திலிருந்து ஓட வேண்டும், எங்கள் அணியின் பந்தெறிபவன் ஹாஸ்கெட் எறிவதைப் பிடிக்க வேண்டும். எப்படி ஓடுவது என்பதெல்லாம் ஒரு தடித்த புத்தகத்தில் இருக்கும். நான் அதைப் படித்ததே இல்லை. மற்றவர்கள் ஓடுவதை ஒரு தடவை பார்த்தால் போதும், கால் மறக்காது. கூட்டத்தில் பக்கத்து ஆள் பக்கம் திருப்பினால் நானும் திருப்புவேன். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை! எழுதும்போதே சிரிப்பு வருகிறது.

மார்ச் 10

சிரிப்பு வரவில்லை. ஒன்றை விட்டுவிட்டேன்.

1973, கடைசி ஆட்டம். ஹாஸ்கெட் தலைக்கவசத்தைத் தொட்டால் நான் உள்பக்கம் திரும்ப வேண்டும், இடுப்பைத் தொட்டால் வெளிப்பக்கம். அந்தச் சைகை எங்கள் இருவருக்கு மட்டும். எதிரணிக்கு அது தெரிந்துவிட்டதாம். அன்று காலை பயிற்சியாளர் தாள் கொடுத்தார், எல்லாம் தலைகீழ் என்று: தலை என்றால் வெளியே, இடுப்பு என்றால் உள்ளே. தாளை மடித்துக் காலுறைக்குள் வைத்துக்கொண்டேன்.

அவன் தலையைத் தொட்டான். நான் உள்ளே திரும்பினேன். பந்து வெளியே போய் எதிரணிக்காரன் கையில் விழுந்தது. எறிந்தவனை அந்த நொடியே மூன்று பேர் சாய்த்தார்கள். தோற்றோம்.

ஏன் உள்ளே திரும்பினாய் என்று பயிற்சியாளர் கேட்டார். "அவன் இடுப்பைத்தான் தொட்டான்" என்றேன். அடிபட்டு மயங்கித் தெளிந்த ஹாஸ்கெட், ஒன்றும் ஞாபகமில்லாமல், "இருக்கலாம்" என்றான். அடுத்த வருடம் அவனை அனுப்பிவிட்டார்கள். நான் வாயத் தொறந்தேனா? படிக்கத் தெரியலைன்னு எப்படிச் சொல்றது?

மார்ச் 15

அவனுக்கு எழுதிவிட்டேன். ஒரு கடிதம், ஐந்து நாள்.

மார்ச் 22

பதில் இல்லை.

மார்ச் 23

இல்லை.

மார்ச் 26

அவன் மனைவி இர்மா போன் செய்தாள். "அவருக்குக் கண்ணு போயி ரெண்டு வருஷமாச்சு. நான் படிக்கிறேன்னா வேணாங்கறார். எழுதினவனே வந்து படிக்கட்டுமாம்."

தாளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம் என்று நினைத்திருந்தேனே!

மார்ச் 30

மூன்று மணி நேரப் பயணம். இர்மா கெளுத்தி மீன் பொரித்து வைத்தாள். நான் தொடவில்லை.

"உனக்கு எழுத வருமாடா? கையெழுத்துக் கேட்டு வந்த பசங்களைக் கண்டாலே ஓடுவியே!" என்றான் ஹாஸ்கெட்.

விரலை வரியின்மேல் வைத்து, எனக்குப் படிக்கத் தெரியாததில் தொடங்கிக் கடைசி வரிவரை படித்தேன். 'நீ தலையைத்தான் தொட்டாய். நான் பொய் சொன்னேன்.'

அவன் என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினான். பிறகு, "நாப்பத்தாறு வருஷம்டா, பாவி! அடிபட்டு மூளை கலங்கிருச்சுன்னு நெனச்சேன். அப்புறம் எந்த அணிக்குப் போனாலும், சைகை காட்ட கைய தூக்கினா நடுங்கும்."

எழுந்துவிட்டேன்.

"எங்கடா ஓடறே? உக்காரு. அந்த வரிய இன்னொரு தடவை படி."

படித்தேன்.

"சத்தமா! இர்மா, அடுப்ப அணைச்சுட்டு வா. இதக் கேளு!"

ஐந்து தடவை படிக்க வைத்தான். ஐந்தாவது தடவை விரலே தேவைப்படவில்லை. ஆறிப்போன மீனை எல்லாம் தின்றுவிட்டுத்தான் கிளம்பினேன்.

ஏப்ரல் 3

ஹாஸ்கெட் போனில் பேசினான். "சனிக்கிழமை வந்துரு. நம்ம பழைய அணி ஆளுங்க ஆறு பேரு வர்றாங்க. நீதான் படிக்கிறே."

"படிக்கத் தெரியாம இருந்ததையுமா?"

"அதத்தான் மொதல்ல!"

ஆறு பேரில் இரண்டு பேருக்குக் காது மந்தம். காலையிலிருந்து கொல்லைப்புறம் நின்று உரக்கப் படித்துப் பழகுகிறேன். தொண்டை கட்டிவிட்டது. தேன் வாங்க வேண்டும்.