வலி குறைந்த நாள்

மார்ச் 4, செவ்வாய்

பழைய லிஃப்ட் ஒன்றைப் பிரித்துப் போட்டோம். கையெல்லாம் கிரீஸ். வீட்டுக்கு வந்தால் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கிறாள். பதிமூன்று வயது. என்னவென்று கேட்டதற்கு, "ஒண்ணும் இல்லப்பா" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாதாமாதம் வருவதாக இருக்கும். அவள் அம்மா உயிரோடு இருந்தால் கேட்டிருப்பாள். அக்காவுக்குப் போன் போட்டேன். "பொம்பளப் புள்ளைக்கு வர்றதுதான்டா, குடைஞ்சு குடைஞ்சு கேக்காதே" என்றாள். தப்பித்தேன் என்றிருந்தது எனக்கு.

மார்ச் 6

காய்ச்சல். இரண்டு முறை வாந்தி. கேட்டால் வாயே திறப்பதில்லை.

மார்ச் 7

வலி குறைந்துவிட்டதாம். அப்பாடா!

மார்ச் 12

மறுபடி காய்ச்சல் கொதிக்கிறது. வயிற்றுப்போக்கு; சிறுநீர் போகும்போதும் வலி. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டரம்மா என்னை வெளியே இருக்கச் சொன்னார். "பெத்தவன் எதுக்கு வெளிய போகணும்?" என்று எகிறினேன். "நீங்க இருந்தா அவ பேச மாட்டா சார்." பத்தே நிமிடத்தில் எல்லாம் சொல்லியிருக்கிறாள். வலி தொப்புளில் தொடங்கி வலப்பக்கம் இறங்கியதாம். மாதவிலக்கே இல்லை அது.

ஸ்கேன் எடுத்தார்கள். குடல்வால் வெடித்து, அடிவயிற்றில் சிறுநீர்ப்பைக்குப் பின்னால் சீழ் கட்டியிருக்கிறது, ஒரு ஆரஞ்சுப் பழ அளவுக்கு. வெடித்ததால்தான் அன்று வலி குறைந்ததாம். நான் அப்பாடா என்ற அன்று! ஊரில் எந்த லிஃப்ட் முனகினாலும் என்ன கோளாறென்று சொல்பவன் நான். தூ.

மார்ச் 13

ஸ்கேனில் பார்த்தபடியே ஊசி விட்டு, குழாய் வைத்தார்கள். பையில் சீழ் இறங்குகிறது. கையில் மருந்து ஏறுகிறது. நான் என்ன செய்ய? பையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன்.

மார்ச் 16

காய்ச்சல் விடவில்லை. மருந்தை மாற்றியிருக்கிறார்கள். சாமி, என் உசிர வேணா எடுத்துக்கோ, அவள விட்டுடு.

மார்ச் 20

இரண்டு நாளாகக் காய்ச்சல் இல்லை. குழாயை எடுத்துவிட்டார்கள். டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டார். உள்ளே கருக்குழாய்கள் ஒட்டிக்கொண்டிருக்கலாம், பிற்காலத்தில் குழந்தை உண்டாவதில் சிக்கல் வரலாம், வராமலும் போகலாம் — இப்போது யாராலும் சொல்ல முடியாது என்றார். இதை நான் எந்த வாயால் அவளிடம் சொல்வேன்?

மார்ச் 23

வீட்டுக்கு வந்தாயிற்று. மூன்று நாளாகச் சொல்லப் போகிறேன், "தண்ணி வேணுமா?" என்று கேட்டுவிட்டுத் திரும்புகிறேன். இன்றும் அப்படியே கேட்டேன்.

"அப்பா, டாக்டரம்மாகிட்ட நானே கேட்டேன். எல்லாம் சொல்லிட்டாங்க. நீங்க தாங்க மாட்டீங்களேன்னுதான் உங்ககிட்ட சொல்லல."

அவள் கட்டிலில் நகர்ந்து இடம் கொடுத்தாள்.