மாதா பல்புல மாட்டுன பிரேக்கு

என்னங்க,

மில்லுல இருந்து வந்ததும் வண்டியத் தொடாதீங்க. தெருமுக்குல நிக்குது. ஜெனரேட்டர் ஏத்துற டிரெய்லருக்குப் பிரேக் பிடிக்க வாங்குன புதுப் பெட்டிய நீங்க பிரேக் வயர்ல குடுக்கல, டேஷ்போர்டுல மாதா படத்துக்கு எரியுற பல்பு வயர்ல குடுத்திருக்கீங்க. நான் டார்ச் அடிச்சுப் பாத்தேன். சாவியத் திருப்புனதும் பல்பு எரியுது, டிரெய்லர் சக்கரம் அம்புட்டும் இறுக்கிக்கிடுது. தெருமுக்கு வரைக்கும் ஜெனரேட்டரத் தேச்சு இழுத்துட்டுப் போனேன். ரப்பர் கருகுன வாடையில தெருவே நாறுது.

பழைய வண்டி, வயர் எல்லாம் ஒரே அழுக்குக் கலரு, எலக்ட்ரீசியன் ஹபீப் அண்ணனக் கூப்பிடுங்கன்னு நேத்தே தலையால அடிச்சுக்கிட்டேன். பொம்பளைக்கு வயரிங்கப் பத்தி என்ன தெரியும்னு கேட்டீங்க. சாவிய இப்ப அண்ணன் கடையிலதான் குடுத்திருக்கேன். அவரு வந்தா டீ போட்டுக் குடுங்க. பக்கத்துல நின்னு யோசனை சொல்லாதீங்க.

நான் சீரியல் பல்பு மூட்டையோட சுந்தரபாண்டியத்துக் கல்யாண வீட்டுக்கு பஸ்ல போறேன். அண்ணன் சரி பண்ணுனதும் நீங்களே ஓட்டிட்டு வந்துருங்க. பொழுது சாயுறதுக்குள்ள ஜெனரேட்டர் வரலன்னா கல்யாண வீடு இருட்டுலதான் கெடக்கும்.

மீன் குழம்பு சட்டியில இருக்கு. எம்புட்டுக் கோவம்னாலும் சாப்பிட்டுட்டு வாங்க.

வின்சி

பி.கு.: போன வாரம் பாலத்துச் சரிவுல டிரெய்லர் பின்னால இருந்து தள்ளிக்கிட்டு வந்து நான் வண்டிய நிறுத்திட்டு எறங்கிட்டேனே, அதப் பாத்துத்தான் இந்தப் பெட்டிய வாங்குனீங்களாமே? கடையில ஹபீப் அண்ணன் சொல்லித்தான் தெரியுது. பிரேக்கத்தான் தப்பான வயர்ல குடுத்தீங்க. இதையுமா தப்பான ஆளுகிட்ட போய்ச் சொல்லுவீங்க?