நூற்றுப் பன்னிரண்டு செங்கற்கள்

மார்ச் 3, செவ்வாய்

என் வேலையை என்னைக் கேட்காமல் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். இதைத் திருட்டு என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? கலைக்கூடத்திலிருந்து இன்று ஓர் உறை வந்தது. பிரித்ததும் கடிதத்துக்கு முன்னால் சுவரொட்டிதான் கையில் வந்தது. ‘சுமை’ – ஏப்ரல் 11, மாலை நான்கு மணி. நிகழ்த்துபவர் என்று ஒரு நடனக்காரியின் பெயர் பெரிதாக. அதற்குக் கீழே எறும்பு எழுத்தில் என் பெயர். கடிதத்தில் ‘தங்களுக்கு மரியாதை செலுத்தும் விதமாக’ என்று எழுதியிருக்கிறார்கள். அச்சடித்து ஒட்டிவிட்டுத் தகவல் சொல்வதற்குப் பெயர் மரியாதையாம்.

முப்பத்து நான்கு வருடங்களுக்கு முன் நான் செய்தது அது. தரையில் மல்லாந்து படுத்து, கழுத்து வரை கனத்த சாம்பல் நிறக் கம்பளியைப் போர்த்திக்கொள்வேன். வருபவர்கள் ஆளுக்கொரு செங்கல்லை என் மேல் வைத்துவிட்டு, தாங்கள் சுமப்பது எதையாவது ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். நூற்றுப் பன்னிரண்டு கற்கள், நான்கு மணி நேரம். பதினோரு நகரங்களில் அப்படிப் படுத்திருக்கிறேன். கலைக் கல்லூரி வாசலை மிதிக்காதவள் நான். அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் பசை தடவிக்கொண்டிருந்தவளை ஆளாக்கியது அந்தக் கற்கள்தான். இவர்களிடம் இருப்பது பத்தொன்பது புகைப்படங்கள். அவற்றைப் பார்த்தே செய்துவிடுவார்களாம்.

புகைப்படத்தைப் பார்த்து –

நாளை மறுநாள் நேரில் போகிறேன்.

மார்ச் 5, வியாழன்

போனேன். பொறுப்பாளர் அரை மணி நேரம் உட்கார வைத்துவிட்டுத்தான் கூப்பிட்டார். குரலை உயர்த்தாத மனிதர். அந்த மாதிரி ஆட்களிடம் சண்டை போடுவது தலையணையைக் குத்துவது போல. படங்களைக் கலைக்கூடம் முறைப்படி வாங்கியிருக்கிறது, எல்லாம் சட்டப்படிதான் என்றார். நான் சாகிற வரைக்குமாவது பொறுக்கக் கூடாதா என்று கேட்டேன். சிரித்தார், உதட்டால் மட்டும்.

பிறகு, என்னைக் குளிர்விக்கத்தானோ என்னவோ, ஒத்திகைக் கூடத்துக்கு அழைத்துப் போனார்.

அந்தப் பெண் தரையில் படுத்திருந்தாள். கம்பளி கூட இல்லை. மெல்லிய பருத்திச் சட்டை, அதன் மேல் நேராகச் செங்கற்கள். நெஞ்சில், வயிற்றில், தொடையில். எண்ணினேன். பதினெட்டு. கழுத்து நரம்பு கயிறு மாதிரி புடைத்திருந்தது. கண்ணை மூடியிருந்தாள்.

“நேத்து பதினஞ்சும்மா. தினமும் கூட்டிக்கிட்டே போறா. உங்களை மாதிரியே நூத்திப் பன்னெண்டையும் தாங்கணும்னு ஒரே வெறி,” என்றார் பொறுப்பாளர்.

வாயைத் திறந்தேன். திறந்த வாயால், பஸ் போய்விடும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 6, வெள்ளி

கலைக்கூடத்திலிருந்து அழைப்பு வருமோ என்று தொலைபேசி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். ஒரு தடவைதான் அடித்தது. கேஸ் சிலிண்டர்காரர்.

மார்ச் 8, ஞாயிறு

இதை எந்த நோட்டிலும் நான் எழுதியதில்லை. இன்று எழுதுகிறேன்.

அந்தக் கற்களை நான் தாங்கவில்லை. கம்பளிக்குள் இரும்புக் கூடு இருந்தது.

முதலில் உண்மையாகவே முயன்றேன். வீட்டில் படுத்துக்கொண்டு, என் தங்கை சின்னவளை விட்டு நெஞ்சில் ஒவ்வொன்றாக வைக்கச் சொன்னேன். பதினான்காவது கல்லில் மூச்சு வெளியே போனது, திரும்பி உள்ளே வரவில்லை. போதும் என்று சொல்லக் காற்று இல்லை. என் முகம் போன போக்கைப் பார்த்து அவளே தள்ளிவிட்டாள். விலா எலும்பு ஒன்று விரிசல். அவளுடைய கணவர் வெல்டர். மறு வாரம் என் உடம்புக்கு அளவெடுத்து, கழுத்தெலும்பிலிருந்து முழங்கால் வரை வளைத்து ஒரு கூடு செய்து கொடுத்தார். எனக்கும் இரும்புக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி. கம்பளியைப் போட்டால் தடித்த உடம்பு மாதிரிதான் தெரியும்.

ஏமாற்ற நினைக்கவில்லை. கல் முக்கியமில்லை, சொல்கிறவர்களின் வரிதான் முக்கியம் என்று நினைத்தேன். முதல் நாள் வந்த பத்திரிகைக்காரர் ‘ஒரு பெண்ணின் உடல் முந்நூறு கிலோவைத் தாங்கியது’ என்று எழுதினார். திருத்தியிருக்க வேண்டும். அதற்குள் அடுத்த நகரம் கூப்பிட்டது. அதற்கப்புறம் என்னத்தைத் திருத்துறது? கூடு ‘ஓவியச் சட்டம்’ என்று சீட்டு ஒட்டின பெட்டியில என்கூடவே ஊர் ஊரா வந்துச்சு.

மார்ச் 11, புதன்

அந்த நடனக்காரி போன் செய்தாள். குரல் சின்னப் பிள்ளைக் குரல். வயது இருபத்தொன்பதாம்.

“மேடம், இருபத்தாறு வரைக்கும் வந்துட்டேன். அதுக்கு மேல மூச்சு அடைக்குது. நீங்க எப்படி மூச்சு விட்டீங்க? அதை மட்டும் சொல்லுங்க, மீதியை நானே பார்த்துக்கிறேன்.”

இதைவிட நேரான கேள்வியை என் வாழ்நாளில் யாரும் கேட்டதில்லை.

“மெதுவா விடும்மா.” அதுதான் நான் சொன்னது.

நன்றி சொன்னாள். இரண்டு தடவை.

மார்ச் 12, வியாழன்

மெதுவா விடும்மா. அடிப்பாவி. நீ எல்லாம் ஒரு மனுஷியா?

மார்ச் 15, ஞாயிறு

சின்னவள் வீட்டுக்குப் போனேன். பழைய கூடு அவர்கள் மொட்டை மாடியில் கிடக்கிறது. அதன் மேல் தலையணை உறைகளைக் காயப்போட்டிருந்தாள். ஊருக்கெல்லாம் நீ இரும்பு மனுஷி, எனக்குத்தானே தெரியும் இரும்பு எங்கே இருந்துச்சுன்னு என்றாள். வழக்கமாக அவள் சொல்லிச் சிரிக்கிற பேச்சுதான். இன்று நான் சிரிக்கவில்லை. கீழே கூட்டிப்போய் உட்கார வைத்தாள்.

கூடு செய்து கொடுத்த மாப்பிள்ளைக்கு இப்போது கண்ணில் புரை. பட்டறையை மூடி மூன்று வருடமாகிறது. இப்படி ஒரு பெண் செய்யப் போகிறாள் என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி:

“அந்தப் பொண்ணுக்குக் கூடு யாரு செய்றதுக்கா? அளவு சரியா எடுக்கறானா?”

கூடு இல்லாமல் யாராவது படுப்பார்கள் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. யாரும் செய்யவில்லை என்றேன். தட்டில் பிசைந்துகொண்டிருந்த கை நின்றது.

“அப்ப நீங்க சொல்லலையா?”

உன் வீட்டுக்காரர் வெளியே எங்கும் சொல்லியிருக்கிறாரா என்று தங்கையைத் தனியாகக் கேட்டேன். அவர் காதில் விழுந்துவிட்டது.

“முப்பத்து நாலு வருஷமா ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்லக்கா. நீங்க சொல்லாதேன்னு கேட்டுக்கிட்டதால இல்ல. நீங்க அதைக்கூடக் கேட்கலியே. சொல்ல மாட்டான்னு நீங்களாவே முடிவு பண்ணிட்டீங்க.”

கோபமாகச் சொல்லவில்லை. மோர் ஊற்றிக்கொண்டே சொன்னார். எறும்பு எழுத்தில் பெயர் போட்டார்கள் என்று பன்னிரண்டு நாளாகக் கொதித்துக்கொண்டிருக்கிறேன். இந்த மனிதர் பெயரை நான் எந்த எழுத்தில் போட்டேன்?

மார்ச் 17, செவ்வாய்

ஒரு வழி தோன்றியது. அனுமதி மறுக்கிறேன், நிகழ்ச்சியை நிறுத்துங்கள் என்று பதிவுத் தபால் அனுப்பிவிட்டேன். நின்றுவிட்டால் அவளுக்கும் ஆபத்தில்லை, நானும் எதையும் சொல்ல வேண்டாம். கோழைத்தனம்தான். தெரிந்துதான் செய்கிறேன்.

மார்ச் 20, வெள்ளி

பதில் வந்துவிட்டது. நிறுத்த முடியாதாம். வேண்டுமானால் என் பெயரை எடுத்துவிட்டு, ‘ஒரு பழைய நிகழ்வின் பாதிப்பில்’ என்று போட்டுக்கொள்வார்களாம்.

பெயரை எடுத்தால் அவள் செத்தாலும் என் மேல் வராது. இப்படி ஒரு நினைப்பு வந்தது. வந்ததை எழுதி வைக்கிறேன்.

மார்ச் 23, திங்கள்

பொறுப்பாளர் சமாதானம் பேசப் போனில் அழைத்தார். பேச்சோடு பேச்சாக, நாற்பத்தொன்றை எட்டிவிட்டாள், கொஞ்சம் மயங்கிவிட்டாள், ஒரு நிமிஷம்தான், தண்ணீர் தெளித்ததும் எழுந்துவிட்டாள், நாளைக் காலை மறுபடி ஒத்திகை என்றார். பெருமையாகச் சொன்னார்.

நாளை முதல் பஸ்.

மார்ச் 24, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

எட்டரைக்குக் கூடத்துக்குள் நுழைந்தபோது அவள் படுத்துவிட்டாள். ஒன்பது கற்கள் ஏறியிருந்தன. நான் குனிந்து எடுக்க ஆரம்பித்தேன். பொறுப்பாளர் ஓடிவந்தார். மூன்று எடுப்பதற்குள் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மீதியை அவரையே எடுக்கச் சொன்னேன். பிறகு நின்றுகொண்டே சொன்னேன். கூடு, வெல்டர், இரண்டு விரல் இடைவெளி, பதினோரு நகரம், எல்லாம். என் குரல் யாருடையதோ போல் கேட்டது.

அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்தாள். சட்டைக் கழுத்து விலகியிருந்தது. தோள் பக்கம் கருநீலமாகக் கன்றிப்போயிருந்தது.

“ரெண்டு வாரம் முன்னாடி நான் உங்களுக்குப் போன் பண்ணேன்.”

ஆமாம் என்றேன்.

“கேட்டேன்ல?”

ஆமாம்.

அவ்வளவுதான் பேசினாள். இன்று என்னை மேடம் என்று அழைக்கவில்லை, வேறு எதுவும் சொல்லியும் அழைக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

பொறுப்பாளர் கதவைச் சாத்தினார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு அதே தாழ்ந்த குரலில்: “சரிம்மா. அவளுக்கும் ஒரு கூடு செஞ்சுடலாம். கம்பளியும் போட்டுடலாம். வெளியே யாருக்கும் தெரிய வேண்டாமே. உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது.”

மார்ச் 25, புதன்

அவர் சொன்னது இனிக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது. என்னைப் பற்றிய புத்தகம் அலமாரியில் அப்படியே இருக்கும். அட்டையில் நானும் கற்களும். எழுபத்தொரு வயதில் ஏமாற்றுக்காரி என்ற பெயர் எடுக்க வேண்டாம். யார் முகத்தையும் பார்த்து விளக்க வேண்டாம்.

ஆனால் அவள் பிரமாதமாகச் செய்வாள். அவளும் பெயர் வாங்குவாள். முப்பது வருடம் கழித்து இன்னொருத்தி அவளுக்குப் போன் செய்வாள். அவள் என்ன பதில் சொல்வாள் என்று எனக்குத் தெரியும். நான்தானே சொல்லிக் கொடுத்தேன்.

மாலையில் அவளே வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை. பொறுப்பாளர் தன் யோசனையை அவளிடமும் சொல்லியிருக்கிறார். கூடு வெளியே தெரிகிறதென்றால் படுக்கிறேன், ஒளித்து வைத்தால் படுக்க மாட்டேன் என்றாள். டாக்டரிடம் போனாயா என்றேன். அது உங்களுக்கு எதற்கு என்றாள். சரியான பதில். மன்னித்துவிடு என்று சொன்னேன். கேட்டுக்கொண்டாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை.

மார்ச் 28, சனி

நேற்று கூட்டைப் பற்றிய உண்மையை இரண்டு பக்கம் எழுதி, பொறுப்பாளருக்கும் இரண்டு பத்திரிகைகளுக்கும் ஒன்றாகவே அனுப்பிவிட்டேன். இனி யாரும் கதவைச் சாத்திப் பேச முடியாது. ஒரு பத்திரிகையிலிருந்து காலையிலேயே அழைப்பு. எத்தனை பேரை இத்தனை வருடம் ஏமாற்றினீர்கள் என்று கேட்டான் ஒரு பையன். கணக்கு வைக்கவில்லை, வந்தவர்கள் எல்லோரையும் என்றேன். இன்னும் வருவார்கள். வரட்டும்.

நடக்க வேண்டியவை:

பொறுப்பாளர்: சுவரொட்டியைக் கிழித்துவிட்டுப் புதிதாக அச்சடிக்க வேண்டும். என் பெயர், அந்தப் பெண்ணின் பெயர், கூடு செய்த வெல்டரின் பெயர், மூன்றும் ஒரே அளவில். அளவுகோல் வைத்துப் பார்ப்பேன். பத்தொன்பது படங்களுக்குக் கீழும் ‘கம்பளிக்குள் இரும்புக் கூடு’ என்று எழுத வேண்டும். முடியாது என்றால் அதற்கும் எழுத்தில் பதில் தர வேண்டும்.

நடனக்காரி: விலா எலும்புக்குப் படம் எடுத்து, டாக்டர் சரி என்று எழுதிக் கொடுத்த சீட்டைப் பொறுப்பாளரிடம் தர வேண்டும். என்னிடம் காட்ட வேண்டியதில்லை. கூடு வரும்வரை ஒரு கல்கூட மேலே ஏறக் கூடாது.

மாப்பிள்ளை: திங்கட்கிழமை அளவெடுக்க வேண்டும். அவள் என்னைவிட ஒரு சாண் உயரம், பழையது பொருந்தாது. கண் தெரியாததால் பற்றவைக்க அவருடைய பழைய ஆள் ஒருவர் வருவார், இவர் விரலால் தடவிப் பார்த்துச் சொல்வார். ஆள் இல்லாத கூட்டில் நூற்றுப் பன்னிரண்டையும் ஏற்றி ஒரு நாள் முழுக்க விட்டுப் பார்க்க வேண்டும்.

சின்னவள்: அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டி வர வேண்டும். வழியில் என்னைத் திட்டிக்கொண்டே வரலாம்.

ஏப்ரல் 11 அன்று முதல் கல்லை மாப்பிள்ளை வைக்க வேண்டும். எந்த இடம் தாங்கும் என்று அவருக்குத்தான் தெரியும்.

நான்: அவள் தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும். வருகிறவர்கள் முகத்துக்கு நேராக என்ன கேட்டாலும் பதில் சொல்ல வேண்டும். கடைசிக் கல்லை இறக்கும் வரை எழுந்திருக்கக் கூடாது.