தவிட்டுக்கு வாங்கிய பேர்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. எல்லோரும் நலம் என்று எழுத ஆசைதான். அம்மா நேற்றிலிருந்து என்னோடு பேசாததால் பாதி நலம் என்று வைத்துக்கொள். போனில் பேசலாமென்றால் அவள் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்காருகிறாள். அதனால்தான் மெயில்.

கண்ணாடிக் கடைக்கு இடம் கிடைத்துவிட்டது. சொந்தக் கடை! இனி எந்த முதலாளி முன்னாலும் கைகட்டி நிற்க வேண்டாம். பெயர்ப் பலகை எழுதுகிறவர் வந்து என் பேரைக் கேட்டார். சொன்னேன். "வெளாட்டெல்லாம் அப்புறம் தம்பி, நெசப் பேரச் சொல்லுங்க" என்றார். அவர்மேல் தப்பே இல்லை. குப்பை என்று அர்த்தம் வருகிற பேரை மேலே எழுதிவிட்டுக் கீழே மூக்குக்கண்ணாடி விற்றால் எவன் வந்து வாங்குவான்?

அதனால் பேரை மாற்ற மனுக் கொடுத்துவிட்டேன். மாதக் கடைசியில் அலுவலகத்தில் கூப்பிட்டு விசாரிப்பார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. இதைச் சொன்னதும் அம்மா கரண்டியை அப்படியே போட்டுவிட்டாள். "அந்தப் பேரு இல்லேன்னா நீ ஏதுடா?" என்கிறாள். நீ சொன்னால் கேட்பாள். கொஞ்சம் எடுத்துச் சொல்லேன்.

உன் தம்பி

மார்ச் 9

அன்புள்ள தொட்டிக்கு,

பள்ளிக்கூடத்துப் பட்டப்பேர் என்று முறைக்காதே. இனி எத்தனை நாள் கூப்பிட முடியுமோ! கடை திறப்பது கேட்டு மனசு நிறைந்துவிட்டது. முதல் கண்ணாடி எனக்குத்தான், வெளியே கொடுத்துவிடாதே.

ஒரு விஷயம். எனக்கு ஏழாம் மாதம் நடக்கிறது. முன்னே இரண்டு முறை என்ன ஆனது என்று உனக்குத் தெரியும். அந்தப் பயத்தில்தான் இந்த முறை வாயே திறக்கவில்லை. அம்மாவிடமும் மூச்சு விடாதே.

எனக்கும் உனக்கும் நடுவில் பிறந்த இரண்டு பேரும் தங்கவில்லை. நீ பிறந்ததும் அம்மா உன்னைப் பின்வாசல் குப்பைமேல் கிடத்தினாள். எதிர்வீட்டுத் தையல்காரம்மா, "யாரோ போட்டுட்டுப் போன புள்ள" என்று சொல்லித் தூக்கி, ஒரு முறம் தவிட்டுக்கு அம்மாவிடமே விற்றாள். முறத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். எல்லா வீட்டிலும் அக்காக்கள் 'உன்னத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்' என்று தம்பிகளைச் சீண்டுவார்கள். நான் உன்னை ஒரு நாளாவது அப்படிச் சொன்னேனா? எனக்கு அது விளையாட்டாகத் தோன்றியதே இல்லை. யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று ஏமாந்துதான் எமன் உன்னை விட்டுவிட்டுப் போனான் என்று நம்பினேன்.

நான் குடிதண்ணீர்ச் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். ஆதாரம் இல்லாமல் ஒரு வரி எழுதமாட்டேன். அப்படிப்பட்டவள் வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். பிரசவம் ஆகும்வரைக்குமாவது பேரை மாற்றாமல் இரு. பயமாக இருக்கிறதுடா.

அக்கா

மார்ச் 14

அக்கா,

குழந்தை என்று படித்ததும் காலிக் கடைக்குள் தனியாகக் குதித்தேன். மிச்சத்தைப் படித்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

என் பேருக்கும் உன் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம்? அந்தப் பேரைச் சுமந்தது நான். பெண் பார்க்கப் போன வீட்டில் பேரைச் சொன்னதும் உள்ளறையில் சிரித்தார்களே, அது உன் காதில் விழவில்லை, என் காதில் விழுந்தது. அதோடு அந்தச் சம்பந்தம் முடிந்தது. ஊரெல்லாம் சிரித்து முடித்த பிறகு இப்போது நீ வந்து, இன்னும் கொஞ்ச நாள் சுமந்துகொள் என்கிறாய். பலகையில் பேருக்கான இடம் காலியாகக் கிடக்கிறது. விசாரணைக்குப் போகத்தான் போகிறேன். கோபித்துக்கொள்ளாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

மார்ச் 21

தம்பி,

நேற்றுக் காலை பெண் குழந்தை. நாள் ஆகும் முன்பே வந்துவிட்டாள். கண்ணாடிப் பெட்டிக்குள் வாயில் குழாயோடு கிடக்கிறாள். காதுமடல் மடங்கிக்கொண்டால் தானாக நிமிரக்கூட இன்னும் தெம்பில்லை.

பெட்டிமேல் 'பெண் குழந்தை' என்று மட்டும் எழுதியிருக்கிறது. என்ன பேர் என்று கேட்கிறார்கள். இன்னும் வைக்கவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். போன இரண்டுக்கும் முன்கூட்டியே மனசுக்குள் பேர் வைத்திருந்தேன், யாருக்கும் தெரியாது. ஒன்றுக்கு ஒளி என்று அர்த்தம். இன்னொன்றுக்கு நீண்ட ஆயுள். நீண்ட ஆயுளாம்!

இங்கே ஒரு நர்ஸ் இருக்கிறாள். அவளுக்கு முன்னால் பிறந்தவர்கள் தங்காததால், 'போய்விடாதே' என்று அர்த்தம் வருகிற பேரை அவள் வீட்டில் வைத்தார்களாம். உன் அத்தான் இப்போதுதான் சொல்கிறார், அவருடைய அம்மாவைச் சின்ன வயதில் பழந்துணி என்றுதான் கூப்பிடுவார்களாம். அவர்கள் ஊர் எங்கே, நர்ஸ் ஊர் எங்கே, நாம் எங்கே. பெற்றவள் பயம் மட்டும் ஒன்றாகவே இருக்கிறது.

நீ பேரை மாற்றிக்கொள். நான் தடுக்கவில்லை. கழற்றிப் போடுகிற பழைய பேரை மட்டும் எனக்குக் கொடுத்துவிடு.

அக்கா

மார்ச் 22

என் அக்காவுக்கு,

எடுத்துக்கொள். போன மெயிலில் நான் கத்தியதையெல்லாம் அழித்துவிடு.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள், தனியாகத் தாங்க முடியவில்லை. அவள் அழவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். "பேரு என்ன பழைய சட்டையா, கழட்டிக் குடுக்க? வேற யாராவது புள்ளையத் தூக்கணும். இவ தவிடு குடுத்து வாங்கணும். அப்பதான் ஒட்டும்" என்றாள்.

"ஆம்பளப் பேரும்மா அது" என்றேன்.

"குப்பையில என்னடா ஆம்பள, பொம்பள? எழுதிப் போடுடா மொதல்ல!"

எழுதிவிட்டேன். என்னோடு பேச ஆரம்பித்துவிட்டாள் என்பது ஒன்றுதான் இங்கே நல்ல செய்தி. சாப்பாடு இறங்கவில்லை, இரண்டு பேருக்கும்.

தம்பி

மார்ச் 25

தம்பி,

இந்த ஊரில் தவிட்டுக்கு எங்கே போவது? உன் அத்தான் கடை கடையாக ஏறி இறங்கி, காலையில் பாலில் போட்டுச் சாப்பிடுகிற தவிட்டுச் செதில் டப்பா ஒன்றைக் கொண்டுவந்தார். சர்க்கரை வேறு போட்டிருக்கிறது. அம்மாவிடம் அதை மட்டும் சொல்லாதே. நொறுக்கிக் காகிதக் கோப்பையில் நிரப்பிக்கொண்டேன்.

நர்ஸிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. பெட்டியின் பக்கத் துவாரத்தில் கையை விட்டு, குழந்தையை உள்ளங்கையில் கொஞ்சமாகத் தூக்கினாள். "யார் பெத்த புள்ளையோ தெரியல, இங்க கெடக்கு. ஒனக்கு வேணுமா?" என்று கேட்டாள்.

"வேணும்" என்றேன். கோப்பையை நீட்டினேன்.

தவிட்டை வாங்கிப் பத்திரமாகத் தன் பையில் வைத்துக்கொண்டாள். இப்போது பெட்டிமேல் உன் பேர் இருக்கிறது. நாளைக்குக் குழாயை எடுத்துவிட்டு, தானாக மூச்சு விடுகிறாளா என்று பார்ப்பார்களாம். உள்ளே கூப்பிடுகிறார்கள், இதோடு நிறுத்துகிறேன்.

அக்கா

மார்ச் 30

அக்கா,

நீ போனை எடுப்பதில்லை. அத்தானும் எடுப்பதில்லை. என்ன ஆனது? அம்மா வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டே இருக்கிறாள்.

இன்றைக்குத்தான் விசாரணை. பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். ஊழியர் பேரைக் கூப்பிட்டார். வழக்கம்போல நாலு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இந்த முறை எனக்கு உறைக்கவே இல்லை. உன் மகளையல்லவா கூப்பிடுகிறார்கள் என்று இருந்தது. உள்ளே போய் இந்தப் பேர் எனக்கு வேண்டாம் என்று நான் சொல்கிற நேரத்தில் அங்கே அவளுக்கு ஏதாவது... என்னால் முடியவில்லை அக்கா. எழுந்து வெளியே வந்துவிட்டேன். நேராகப் பலகைக்காரரிடம் போய், "நெசப் பேரு அதுதாங்க, பெருசாவே எழுதுங்க" என்றேன்.

ஒரு வார்த்தை எழுது. எதுவாக இருந்தாலும் எழுது.

தம்பி

மார்ச் 31

தம்பி,

அன்றைக்குக் குழாயை எடுத்தார்கள். மூச்சு வரவில்லை. அவசரமாகத் திரும்ப மாட்டினார்கள். அதை உனக்கு எந்தக் கையால் எழுதுவேன்? அதனால்தான் சும்மா இருந்துவிட்டேன். திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

இன்று மறுபடி எடுத்தார்கள். எல்லோரும் அவள் நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றோம். நர்ஸ் குனிந்து, வார்டு முழுக்கக் கேட்கும்படி அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். யாரும் சிரிக்கவில்லையடா. என் மகள்தான் கத்தினாள். இன்னும் கத்திக்கொண்டுதான் இருக்கிறாள்.

பலகை எழுதி முடித்ததும் படம் பிடித்து அனுப்பு. பெட்டிமேல் ஒட்ட வேண்டும்.

உன் அக்கா